கூட்டாளி தன் கணக்கோடுதான் வருவான்: அமெரிக்க உள்நாட்டுப் போரை மாற்றி எழுத ஒரு வழி

அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்காக பிரிட்டன் களமிறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியை வைத்து நான் நாவல் எழுத ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. முதல் பிரதியில் 140 பக்கம் ஓடிய பிறகு எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். ஓர் அத்தியாயத்தில் தெற்கு ஜெயிக்கிறது, அடுத்த அத்தியாயத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவை ஏன் வந்தன என்று நான் எழுதவே இல்லை. படித்த நண்பர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "இவங்களுக்கு இதுல என்ன லாபம்?"

அன்றிலிருந்து போர்க்களத்தைக் கடைசியில்தான் தொடுகிறேன். முதலில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள். அதில் மூன்றே கேள்விகள்: இந்த நாட்டுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறது, எதிரியிடமிருந்து என்ன வாங்குகிறது?

நிஜமாகவே வெளிநாட்டுக் கூட்டாளிகள் வந்த கலகம் ஒன்று அமெரிக்காவில் உண்டு: பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போர். முதலில் அதைப் படித்துவிடுங்கள். 1776-லேயே பிரான்ஸ் ரகசியமாகப் பணமும் துப்பாக்கியும் அனுப்பியது, வெளிப்படையாகக் கைகோர்க்கவில்லை. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைந்தது. அந்தச் செய்தி டிசம்பரில் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது. 1778 பிப்ரவரி 6 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்பெயின் இன்னும் சுவாரசியம். 1779-ல் பிரான்சோடு மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போரில் இறங்கியது. அதன் கண் பிரிட்டன் கையிலிருந்த ஜிப்ரால்டர் மேல். தனக்கும் அமெரிக்கக் கண்டத்தில் காலனிகள் இருந்ததால், கலகக்காரர்களின் சுதந்திரத்தை அப்போது அது அங்கீகரிக்கவே இல்லை. ஒரே எதிரியோடு சண்டை, ஆளுக்கொரு காரணம். உங்கள் கதையின் கூட்டணியும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-க்கு வருவோம். பருத்தி இல்லாமல் பிரிட்டனின் ஆலைகள் ஓடாது, அதனால் அவர்கள் ஓடிவருவார்கள் என்று தெற்கு நம்பியது. அந்த நம்பிக்கையை அப்படியே உங்கள் கதைக்குள் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1860-ல் அமோக விளைச்சல், இங்கிலாந்தின் ஆலைப் பகுதியான லங்காஷையரின் கிடங்குகளில் போன வருடத்துச் சரக்கு இருந்தது. பருத்திப் பஞ்சம் கடுமையானது 1862-ல்தான். இன்னொரு பக்கம், வடக்கிலிருந்து பிரிட்டன் கோதுமை வாங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டன் வசமிருந்த கனடாவுக்கு வடக்கோடு நீண்ட எல்லை. தாளில் இதையெல்லாம் எழுதி முடித்ததும் பிரிட்டன் ஏன் கடைசிவரை ஒதுங்கி நின்றது என்று எனக்குப் புரிந்தது. அவர்களை உள்ளே இழுக்கப் பருத்தி போதாது, ஓர் அவமானம் வேண்டும்.

அந்த அவமானம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1861 நவம்பர் 8 அன்று, வடக்கின் சான் ஜசிண்டோ என்ற போர்க்கப்பலின் கேப்டன் சார்லஸ் வில்க்ஸ், 'டிரென்ட்' என்ற பிரிட்டிஷ் அஞ்சல் கப்பலை நடுக்கடலில் நிறுத்தி, தெற்கின் தூதர்கள் மேசனையும் ஸ்லிடெலையும் பிடித்துக்கொண்டு போனார். லண்டன் கொதித்தது. சுமார் 11,000 வீரர்கள் கனடாவுக்குக் கிளம்பினார்கள்.

இந்த இடத்தில்தான் வரலாற்றிலிருந்து கதை கிளை பிரிய வேண்டும். பலர் 1862 செப்டம்பருக்குப் போய்விடுகிறார்கள்: மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த காகிதத்தில் தெற்கின் ஜெனரல் லீயின் உத்தரவு வடக்கு வீரர்கள் கையில் சிக்கிய கதை. நல்ல இடம்தான், ஆனால் நடந்து நடந்து தேய்ந்த பாதை. அதோடு அது போர்க்களத்தின் தற்செயல். கூட்டாளி வரவேண்டுமென்றால் கூட்டாளியின் அறையில் ஏதாவது மாற வேண்டும் என்பது என் கட்சி.

நான் எடுத்துக்கொண்டது ஒரு நோயாளியை. வாஷிங்டனுக்கு அனுப்ப பிரிட்டிஷ் அமைச்சரவை தயாரித்த கடிதம் காரசாரமாக இருந்தது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் டிசம்பர் 1 காலை, பேனாவைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாத நிலையில், அதற்குத் திருத்தம் எழுதினார். கேப்டன் மேலிடத்து உத்தரவு இல்லாமல் நடந்துகொண்டிருக்கலாம் என்று ஒரு வாசல் திறந்து வைத்தார். லிங்கனின் அரசு அந்த வாசல் வழியாகத்தான் மானம் போகாமல் வெளியேறியது. டிசம்பர் 14 அன்று ஆல்பர்ட் இறந்துபோனார். என் நாவலில் அவர் நவம்பர் 29 அன்றே இறந்துவிடுகிறார். கடிதம் திருத்தப்படாமல் போகிறது. ஒரு மனிதரின் பதினைந்து நாள், அவ்வளவுதான் நான் தொட்டது. மாற்றம் எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வாசகர் நம்புவார்.

அடுத்து நாட்காட்டி. இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 1858-ல் போட்ட அட்லான்டிக் தந்திக் கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போனது. நிலையான கம்பி வந்தது 1866-ல். அதனால் என் நோட்டில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு தேதி: நடந்த நாள் கறுப்பு மையில், எதிர்க்கரைக்குத் தெரிந்த நாள் சிவப்பு மையில். டிரென்ட் நிறுத்தப்பட்டது நவம்பர் 8, லண்டனுக்குத் தெரிந்தது நவம்பர் 27. கடிதம் வாஷிங்டன் சேர்ந்தது டிசம்பர் 18 இரவு, தூதர்களை விடுவிக்கலாம் என்று முடிவானது 26. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கதையே இருக்கிறது. அந்த நாட்களில் எல்லோரும் பழைய செய்தியை நம்பி முடிவெடுக்கிறார்கள். இந்த முறையில் அடுக்கிய பிறகு, எனக்குத் தெரியாமலேயே மூன்று அத்தியாயங்கள் கிடைத்தன.

அப்புறம் சரக்கு. வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும், அது வங்காளத்திலிருந்து பிரிட்டன் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வெடிமருந்து தயாரித்த டூபான்ட் குடும்பத்து லமோட், வடக்குக்காக லண்டனில் வெடியுப்பை வாங்கிக் குவித்தார். நெருக்கடி வந்ததும் பிரிட்டன் ஏற்றுமதியை நிறுத்தியது. ஒரு குண்டுகூடச் சுடாமல் வடக்கின் துப்பாக்கிகளை வாயடைக்க வைக்கும் வழி இது. அதே நேரம் உங்கள் கூட்டாளிக்கும் கஷ்டம் கொடுங்கள்: குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் நதி உறைந்துவிடும். கனடாவுக்குப் போன வீரர்களில் பலர் நியூ பிரன்ஸ்விக் வழியாகப் பனிச்சறுக்கு வண்டிகளில்தான் போனார்கள்.

பிரான்சையும் ரஷ்யாவையும் மறக்க வேண்டாம். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு மெக்சிகோ மேல் கண். ரஷ்யாவுக்கு பிரிட்டனோடு பழைய பகை.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமான தாள். 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகள் 39 லட்சத்துக்கும் மேல். அரசியலையும் கப்பலையும் எழுதுகிற மும்முரத்தில் இவர்கள் பின்னணித் திரை ஆகிவிடக் கூடாது. இவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ், 23 வயது. 1862 மே 13 விடியலுக்கு முன், 'பிளான்டர்' என்ற தெற்கின் நீராவிக் கப்பலைக் குடும்பத்தோடு கடத்திக்கொண்டு, கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சங்கேத விசில் கொடுத்து சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டையைத் தாண்டினார். பிறகு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றி, துறைமுகத்தை மறித்து நின்ற வடக்கின் முற்றுகைக் கப்பலிடம் போய்ச் சேர்ந்தார்.

என் கதையில் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் வடக்கின் கப்பல்கள் இல்லை. பிரிட்டன் அவற்றை விரட்டிவிட்டது. அங்கே நிற்பது தெற்கின் கூட்டாளி. 1833-லேயே அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்ட நாட்டின் கப்பல். அதன் கேப்டனை நானே உருவாக்கினேன். மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் அடிமைக் கப்பல்களைப் பிடிப்பதிலேயே இளமையைக் கழித்தவர். விடியல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளை விரிப்பு அவரை நோக்கி வருகிறது. திருப்பி அனுப்பினால் கூட்டணி நிலைக்கும். ஏற்றுக்கொண்டால் லண்டனுக்குச் செய்தி போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும், அதுவரை எல்லாம் அவர் தலையில். ஏணியை இறக்கச் சொல்கிறார். அதைச் சொல்வதற்கு முன் அவர் தொலைநோக்கியைக் கீழே இறக்காமல் நிற்கும் நேரத்துக்கு மூன்று பக்கம் கொடுத்திருக்கிறேன்.