பக்கத்து வீட்டுத் தட்டும் நம்ம பக்தியும்: வீட்ல நாம பண்ற சில தப்புங்க

வேலூர் சத்துவாச்சாரில எங்க தெருவுல ஆடி வந்தா அம்மனுக்குக் கூழு ஊத்தாத வாரமே கெடையாது. நாங்க கிறிஸ்தவங்க. ஒரு வருஷம் எதிர் வீட்டு அக்கா சொம்புல கூழு, மேல ஒரு கிண்ணத்துல கருவாட்டுக் கொழம்புன்னு எடுத்துனு வந்தாங்க, எங்கம்மா அவங்கள கேட்லயே நிக்க வெச்சி "நாங்க இதெல்லாம் தொடமாட்டோம்"னு சொன்னதோட விடாம ரெண்டு பைபிள் வசனமும் சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக்கா ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டு கூட எங்க வீட்டுப் பக்கம் வர்ல.

மொத தப்பு இதான். வேணாம்னு சொன்னது இல்ல, சொன்ன விதம். 1 கொரிந்தியர் 10ல பவுல் என்ன சொல்றாருன்னா கடைல விக்கறத விசாரிக்காம வாங்கி சாப்டு, வெளியாளு விருந்துக்குக் கூப்ட்டாலும் வெக்கறத சாப்டு, ஆனா இது சாமிக்குப் படைச்சதுன்னு ஒருத்தர் சொல்லிட்டா, சொன்னவருக்காக சாப்டாத. ரோமர் 14ல சாப்டறவன் சாப்டாதவன அற்பமா நெனைக்காத, சாப்டாதவன் சாப்டறவன தீர்ப்பு சொல்லாதன்னும் இருக்கு. நம்மாளுங்க ஆம்பூர் பிரியாணி சாப்டும்போது ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க, பக்கத்து வீட்டு சுண்டல்னா மட்டும் மனசாட்சி முழிச்சிக்கும் 😀

நான் அப்புறம் போய் "அக்கா, படைச்சதுன்னா வேணாம்க்கா, படைக்கறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சா எனக்கு ஒரு சொம்பு"ன்னு கேட்டேன். இப்போ வருஷா வருஷம் மொத சொம்பு எங்களுக்குதான் வருது.

இதவிட மோசம், சிரிச்சினே வாங்கி உள்ள போய் கவர்ல கட்டி குப்பை வண்டில போடறது. தெருவே பாக்கும்ங்க.

நாம குடுக்கறதுலயும் கோட்டை விடறோம். கிறிஸ்மஸ் கேக்ல முட்டை இருக்குன்னு சைவக்காரங்க வீட்ல சொல்லாம குடுக்கறது, பிரியாணி அனுப்பும்போது என்ன கறின்னு சொல்லாம அனுப்பறது (நம்ம பக்கம் பீஃப் சகஜம், எல்லா வீட்லயும் இல்ல), அப்புறம் முறுக்குத் தட்டுக்கு அடியில இயேசுவப் பத்தின கைப்பிரதி சொருகறது. அவங்க கேட்டா உக்காந்து பேசுங்க, பலகாரத்த பலகாரமா குடுங்க.

லெந்து (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற உபவாச காலம்) நாள் 40, ஞாயித்துக்கெழம கணக்குல வராது. மட்டன விட்டுட்டு பன்னீரு, காளான்னு அதே காச செலவு பண்ணா அது உபவாசம் இல்ல, மெனு மாத்தறது. ஏசாயா 58 பசிச்சவனுக்குப் பங்கு குடுன்னுதான சொல்லுது. எங்க ஆயா ஒலை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசிய தனி டப்பாவுல போடுவாங்க, அது சபைக்குப் போவும். இன்னொண்ணு, சுகர் மாத்திரை போட்டுக்கினு வெறும் வயித்தோட இருக்காதீங்க, மயக்கம் வந்துடும். இங்கதான் தெருவுக்குத் தெரு டாக்டர் இருக்காங்களே, ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

குடும்ப ஜெபத்த முக்கா மணி நேரம் இழுக்காதீங்க. எங்க வீட்ல அப்பா மிஷனரிங்க, மந்திரிங்கன்னு உலகத்தையே சுத்தி ஜெபிச்சி கண்ணத் தொறக்கறப்ப தம்பி தூங்கி விழுந்திருப்பான், அடுப்புல சாம்பார் அடி புடிச்சிருக்கும். இப்போ ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு ரெண்டு வரி. நேத்து தம்பி பண்ண ஜெபம், "ஆண்டவரே, நாளைக்கு மேக்ஸ் டெஸ்ட், ஆமென்."