சீஷனாக வாழ ஒரு வாரக் கணக்கு: யாங்கோன் தமிழ்க் குடும்பங்களுக்கு

புதிய ஏற்பாட்டில் 'கிறிஸ்தவன்' என்ற சொல் மூன்றே இடங்களில் வருகிறது. 'சீஷன்' இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. பர்மிய வேதாகமத்தில் சீஷனுக்குச் சொல் 'தபெடோ'. புத்த பிக்குவிடம் பேசும் ஆண், 'நான்' என்பதற்குப் பதிலாகத் தன்னைச் சொல்லிக்கொள்வதும் இதே சொல்லால்தான். அதனால் பக்கத்து வீட்டு பர்மியருக்குச் சீஷன் என்றால் யார் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. குரு சொன்னபடி நடக்கிறவன் என்று அவருக்கே தெரியும். நாம் நடக்கிறோமா என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மத்தேயு 28:20-ஐ நாம் பாதியாகத்தான் வாசிக்கிறோம். கட்டளையிட்ட யாவையும் 'கைக்கொள்ளும்படி' உபதேசம்பண்ணச் சொன்னார் ஆண்டவர். உபதேசம் நம் சபைகளில் தாராளமாக நடக்கிறது. கைக்கொண்டாயா என்று திங்கட்கிழமை கேட்க ஆள் இல்லை. இந்த வழிகாட்டியில் பாதி, அப்படிக் கேட்க ஓர் ஆளை ஏற்படுத்திக்கொள்வது பற்றியது.

தொடங்குமுன் செலவைப் பாருங்கள்; கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்றார் இயேசு (லூக். 14:28). தினம் அரைமணி, வாரம் ஒருமுறை ஒன்றேகால் மணி. ஞாயிறு ஆராதனை நீங்கலாக வாரத்துக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகாது. நேரம் இவ்வளவுதான். மற்ற செலவு பணத்திலும் மானத்திலும் வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

காலை அரைமணி

ஃபோனில் வேதாகமம் வேண்டாம். கரண்ட் வந்து போகிற ஊரில் சார்ஜ் இல்லை என்பது நல்ல சாக்கு. சார்ஜ் இருந்தால் ஃபேஸ்புக் இருக்கிறது. அச்சுப் புத்தகம், நாற்பது பக்க நோட்டு, பேனா போதும். முதல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். அடுத்த பன்னிரண்டு நிமிடம் ஒரே அதிகாரத்தை இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாம் முறை வாய்விட்டு. ஆறு நிமிடம் எழுத. பத்து நிமிடம் ஜெபம்.

மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், 16 நாள். பிறகு லூக்கா 24, அப்போஸ்தலர் 28. வேதாகமம் முழுவதும் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் ஒரு வருடத்தில் முடியும். கணக்கு சரிதான், ஆனால் முதல் வருடமே அதில் இறங்காதீர்கள். ஜனவரி 1-ல் ஆதியாகமத்தில் தொடங்குகிறவர் ஜனவரி முடிவில் லேவியராகமத்துக்கு வருவார். பெரும்பாலும் புத்தகம் மூடப்படுவது அங்கேதான்.

எழுதும் ஆறு நிமிடம்தான் இதில் முக்கியம், பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். ஒரே வரி போதும்: இன்று நான் என்ன செய்ய வேண்டும்? 'அன்பாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் அன்று ஒன்றும் நடக்காது. 'நேற்று அண்ணியிடம் எரிந்து விழுந்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று எழுதுங்கள். யார், என்ன, எப்போது என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். இரவில் படுக்குமுன் அதன் பக்கத்தில் ஒரு டிக் அல்லது ஒரு கோடு.

வீட்டில் பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் படிக்கிறார்கள். 'அநுதினமும்', 'பின்பற்றக்கடவன்' எல்லாம் அவர்களுக்குப் பாட்டி மொழி. லூக்கா 9:23-ஐ அப்பா தமிழில் வாசிக்கட்டும், அதே வசனத்தைப் பிள்ளை பர்மியத்தில் வாசிக்கட்டும், பிறகு இருவரும் பேச்சுத் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-ல் முடித்த பர்மிய மொழிபெயர்ப்பும் பழைய நடைதான், பிள்ளையும் தடுமாறும். தடுமாறட்டும். தடுமாறி நிற்கிற இடத்தில்தான் கேள்வி வரும்.

மூன்று பேர்

1742-ல் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்டுகளுக்குக் கட்டடக் கடன் இருந்தது. வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று பிரித்தார்கள். தலைவர் வீடு வீடாகக் காசு வாங்கப் போனபோது, யார் குடிக்கிறான், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரியவந்தது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு ஆத்தும விசாரணைக்கான வாரக் கூட்டமாகவே ஆக்கிவிட்டார். பர்மாத் தமிழ் மெதடிஸ்டுகளுக்குத் தாத்தா வழிச் சொத்து இது. நாம் காசு வசூலை மட்டும் வைத்துக்கொண்டு விசாரணையை விட்டுவிட்டோம்.

பன்னிரண்டு பேர் நமக்கு வேண்டாம். மூன்று பேர் போதும். இருவர் என்றால் ஒருவர் வராத வாரம் கூட்டமே இல்லை; ஐந்து பேரானால் ஒருவர் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுவார். ஆண்கள் தனி, பெண்கள் தனி. கணவன் மனைவி ஒரே குழுவில் வேண்டாம், முதலாளியும் தொழிலாளியும் வேண்டாம், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் கண்டிப்பாக வேண்டாம். போதகர் ஐயா இருக்கக் கூடாதென்று சட்டமில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தால் மற்ற இருவரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள்.

டீக்கடை சௌகரியம்தான், சின்ன ஸ்டூல், தட்டு நிறைய சமோசா. ஆனால் அடுத்த மேஜை ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும். அங்கே யாரும் பாவத்தை அறிக்கை செய்யமாட்டார்கள். வீட்டு மாடியோ, ஆராதனைக்கு முன் சபை வளாகமோ நல்லது. இருட்டினபின் நடமாட முடியாத பகுதியில் சாயங்காலம் நாலு மணிக்கே வைத்துவிடுங்கள்.

பதினைந்து நிமிடம் தேநீர், வீட்டு நலம். இருபது நிமிடம் அந்த வாரத்து அதிகாரம் ஒன்று. முப்பது நிமிடம் கேள்விகள், ஆளுக்குப் பத்து. கடைசிப் பத்து நிமிடம் ஒருவருக்காக ஒருவர் ஜெபம். கேள்விகள் நாலு:

நோட்டில் எழுதின ஏழு வரியில் எத்தனைக்கு டிக்?
இந்த வாரம் யாரிடம் பொய் சொன்னீர்கள், அல்லது உண்மையை மறைத்தீர்கள்?
பணம் எங்கே போனது?
யாரோடு பேச்சுவார்த்தை இல்லை?

'ஆத்துமா எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'கர்த்தர் கிருபையால் நல்லா இருக்கேன்' என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. 'ரெண்டாம் கேள்வி, அண்ணே' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். மௌனம் முப்பது வினாடி நீடித்தால் நீடிக்கட்டும். பதில் வந்ததும் புத்தி சொல்லாதீர்கள், வசனம் தேடாதீர்கள். 'அதை எப்போ சரி பண்ணப் போறீங்க?' என்று மட்டும் கேளுங்கள். யாக்கோபு 5:16 சொல்வது இந்த வேலையைத்தான்.

கேட்டது வெளியே போகக் கூடாது. மனைவியிடம்கூட, ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட. குழுக்கள் உடைவதற்கு நாங்கள் அறிந்த முதல் காரணம் இந்த 'ஜெபக் குறிப்பு'. ஒரே விதிவிலக்கு: ஒருவர் பிறரை அடிக்கிறார், பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது, தற்கொலை எண்ணம் இருக்கிறது என்றால் மறைக்கக் கூடாது. இதை முதல் நாளே மூவரும் ஒத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ வேலைக்குப் போனவர் குழுவை விட வேண்டியதில்லை. அதே நாள், அதே நேரம் ஃபோனில். நெட் அறுந்தால் நாலு கேள்விக்கும் பதிலைக் குரல் பதிவாக அனுப்பட்டும். முகம் தெரியாததாலேயே சிலர் ஃபோனில் இன்னும் உண்மையாகப் பேசுவார்கள்.

தராசும் சில்லறையும்

'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்ற நீதிமொழிகள் 11:1 சந்தையில் கடை வைத்திருக்கிற நம்மவர் பலருக்கு மனப்பாடம். இங்கே நிறுவை இன்றும் வீசைதான்: ஏறக்குறைய 1.63 கிலோ, அதில் 100 சாத்தா. தட்டுக்கு அடியில் ஒட்டின ஈரச் சாக்குத் துண்டு ஐந்து சாத்தா தின்றால், வாங்குகிறவருக்கு 80 கிராம் நஷ்டம். ஏமாற்ற நினைக்காதவரின் தராசும் தவறும். ஸ்பிரிங் தராசு நாள்பட நாள்படத் தளரும். வாரம் ஒருமுறை, எடை தெரிந்த பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை அதில் வைத்துப் பாருங்கள். காட்டுவது 61 சாத்தாவுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் தராசை மாற்றுங்கள். அந்தப் பத்து வினாடியும் ஆராதனைதான்.

அடுத்தது நம்பர் விளையாட்டு. 'டூ டி', 'த்ரீ டி' என்று தாய்லாந்துப் பங்குச் சந்தை எண்ணையும் லாட்டரியையும் வைத்துத் தெருவுக்குத் தெரு நடக்கிறது. 'இருநூறு, முந்நூறு சாட்தானே' என்று சபைக்காரர்களும் கட்டுகிறார்கள். மூன்றாம் கேள்வி பெரும்பாலும் பிடிப்பது இதை. விட நினைப்பவர் மனஉறுதியை நம்பவேண்டாம். நம்பர் எழுதுகிறவர் கடை வழியாகப் போகாமல் வேறு தெருவில் போகட்டும். எண் அறிவிக்கும் ஃபேஸ்புக் பக்கத்தை நீக்கட்டும். கட்டியிருக்கக்கூடிய காசை அன்றன்றே வீட்டில் ஒரு டப்பாவில் போட்டு, மாத முடிவில் குழுவின் முன் எண்ணிக் காட்டட்டும்.

கொடுப்பதற்குச் சம்பளம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பிடியரிசி பழக்கத்தை மறுபடி தொடங்குங்கள். உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம். இரண்டு வேளைக்கு மாதம் 2.4 கிலோ. பால் டின் அளவில் எட்டு டின்னுக்குச் சற்றுமேல், அதாவது ஒரு ப்யீ (பர்மிய அரிசிப் படி) தாராளமாக நிறையும். பானையில் இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு மூடுங்கள், வண்டு வராது. மாத முதல் ஞாயிறு அதைச் சபையிடமோ, பெயர் தெரிந்த ஒரு வீட்டுக்கோ கொண்டுபோங்கள். மட்டமான அரிசியைத் தனியாக வாங்கிப் பானையில் போடுகிறவர்களும் உண்டு. நீங்கள் சாப்பிடும் அரிசிதான் போகவேண்டும்.

வட்டிக்குக் கொடுப்பவர் யாத்திராகமம் 22:25-ஐத் திறந்து, நூற்றுக்குப் பத்து மாத வட்டி யாரிடமிருந்து வருகிறது என்று பெயர் பெயராக எழுதிப் பார்க்கட்டும். ஏழை ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தால் என்ன செய்யவேண்டும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

முகதாட்சண்யம்

பர்மியர் 'ஆனாடே' என்பார்கள், நாம் முகதாட்சண்யம் என்போம். எதிரே இருப்பவர் மனம் நோகுமே என்று சொல்லவேண்டியதை விழுங்குவது. நல்ல குணம்தான். ஆனால் மத்தேயு 18:15-ஐ அதுதான் தின்றுவிடுகிறது. மனத்தாங்கல் வந்தால் அவரிடம் மட்டும் போய்ச் சொல்லச் சொன்னார் ஆண்டவர். நாமோ அவரைத் தவிர எல்லாரிடமும் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொல்கிறோம்.

மனத்தாங்கல் வந்த மூன்று நாளுக்குள் போங்கள். தனியாகப் போங்கள், கையில் பழம் ஏதாவது கொண்டுபோங்கள். சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்று தொடங்காமல், நடந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: 'போன ஞாயிறு எல்லார் முன்னாலயும் என் பையனைத் திட்டினீங்க, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.' பிறகு அவர் பேசட்டும். கேட்கவில்லையென்றால்தான் இரண்டாம் படி, ஒருவரோ இருவரோ கூட. சபைக் கமிட்டி மூன்றாம் படி. நம் ஊரில் முதலிலேயே கமிட்டிக்குக் கடிதம் போய்விடுகிறது. அப்புறம் இரண்டு குடும்பம் இரண்டு சபையாகிறது.

தவறு உங்களுடையது என்றால் இன்னும் சீக்கிரம் போகவேண்டும், காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டாவது (மத். 5:24). பணம் சம்பந்தப்பட்டதென்றால் பணத்தோடு போங்கள்.

அக்கம்பக்கம்

இந்துச் சொந்தக்காரர் வீட்டு விருந்து, பர்மிய வீட்டுப் பையனைச் சிறு பிக்குவாக்கும் ஷின்பியூ விழா: போகலாமா, சாப்பிடலாமா என்ற கேள்விக்கு 1 கொரிந்தியர் 10:27-28 நேரடியாகப் பதில் சொல்கிறது. அழைத்தால் போங்கள், வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடுங்கள். 'இது படைத்தது' என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும் விட்டுவிடுங்கள். விடும்போதும் இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொல்லி, 'எங்க வழக்கத்துல இது இல்லக்கா, காப்பி குடிக்கிறேன்' என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். முகத்தைச் சுளித்தால் இருபது வருடப் பழக்கம் போய்விடும். அவர்கள் நம் கிறிஸ்துமஸ் பலகாரத்தை ஒரு கேள்வி கேட்காமல் சாப்பிடுகிறவர்கள்.

ஏப்ரல் நடுவில் தின்ஜான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வரும். தண்ணீரில் ஒன்றுமில்லை, கூட வருகிற குடியில்தான் ஆபத்து. பல சபைகள் அந்த விடுமுறையில் முகாம் வைப்பது இதனால்தான். உங்கள் சபையில் இல்லையென்றால் வாலிபப் பிள்ளைகளுக்கு வேலை ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வாசலில் நின்று போகிறவர்களுக்குச் சர்பத் ஊற்றிக் கொடுப்பதுகூடப் போதும்.

சாட்சி சொல்ல அவசரப்பட வேண்டாம். ஜட்சன் 1813-ல் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819-ல். கேட்டால் சொல்லத் தயாராயிருங்கள். கேட்கும்படி வாழ்வதுதான் நேரமெடுக்கும்.

உபவாசம் பற்றி இரண்டே வரி. புதன், வெள்ளி என்று ஆதிச் சபைக் காலம் முதலே வழக்கம் உண்டு. வாரம் ஒரு வேளை விட்டு, அந்தச் சாப்பாட்டுக் காசைப் பிடியரிசியோடு சேருங்கள். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் வேறு எதையாவது விடட்டும், ஃபோனை விடலாம்.

எங்கே உடையும்

பெரும்பாலும் மூன்றாம் வாரம். முதல் வாரம் உற்சாகம், இரண்டாம் வாரம் வெட்கம், மூன்றாம் வாரம் 'உடம்பு சரியில்லை'. அந்த வாரம் மற்ற இருவரும் அவர் வீட்டுக்கே போய்விடுங்கள். ஆறாம் மாதத்தில் வருவது வேறு வியாதி: எல்லா வரிக்கும் டிக் இருக்கும், முகத்தில் பெருமை இருக்கும், நோட்டு வைக்காதவர்களைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது ஒரு மாதம் முதல் கேள்வியை நிறுத்திவிட்டு நாலாவதில் தொடங்குங்கள்.

பத்து நாள் விட்டுப்போனால் பத்து அதிகாரத்தையும் ஒரே நாளில் வாசித்து ஈடுகட்டாதீர்கள். நோட்டில் இன்றைய தேதியைப் போட்டு, விட்ட அதிகாரத்திலிருந்தே தொடருங்கள். நடுவில் இருக்கிற வெற்றுப் பக்கங்களைக் கிழிக்க வேண்டாம். குழு கூடும் நாளில் அதை அப்படியே மேஜையில் விரித்து வையுங்கள், மற்ற இரண்டு நோட்டிலும் அதே மாதிரி பக்கங்கள் இருக்கும்.