காரை வீட்டில் நடுச்சுவரைத் திறக்கும்போது

ராமநாதபுரம் கடலோரத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் பழைய காரை (சுண்ணாம்புப் பூச்சு) வீடு வாங்கினவர்கள் முதலில் கை வைப்பது கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் நிற்கும் சுவரில்தான். எடுத்தால் காற்று வரும், உண்மை. ஆனால் முழுச் சுவரையும் எடுக்காதீர்கள். 6 அடி திறப்பு போதும். இரண்டு ஓரத்திலும் 2 அடியாவது நிற்கட்டும். புயல் காற்றில் வெளிச்சுவரைப் பிடித்துக்கொள்வது அந்த 2 அடிதான்.

முதலில் அண்ணாந்து பாருங்கள். மெட்ராஸ் டெரஸில், அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளத்தில், கட்டைகளின் முனை ஏறியிருக்கும் சுவர் சுமைச் சுவர். கட்டைக்கு இணையாக ஓடும் சுவர் சும்மா நிற்கிறது என்று நம்பிவிட வேண்டாம், உத்திரத்தின் தலை அதில் உட்கார்ந்திருக்கலாம். கட்டை முனையில் திருப்புளியால் குத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் உளுத்துவிட்டது. கட்டையை மாற்றிவிட்டுத்தான் சுவருக்கு வர வேண்டும்.

பிறகு ஒரு கை அகலம் காரையைச் சுரண்டுங்கள். துளை துளையாக, தேன்கூடு மாதிரி வெள்ளைக் கல் தெரிந்தால் பவளப்பாறைக் கல். பிரேக்கர் மிஷின் அதிர்வில் அதன் காரைப் பிடிப்பு விட்டுவிடும். டைமண்ட் பிளேடால் அறுத்து, உளியால் எடுக்க வேண்டும். எடுத்த கல்லைக் குப்பையில் கொட்டாதீர்கள். 2001 முதல் பவளப்பாறை வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் புதுக் கல் வாங்க வழியில்லை. ஒட்டுப் போட இதுதான் கிடைக்கும்.

இனி வரும் அளவுகள் மேல்மாடி இல்லாத, 12 அடி அகல அறைகளுக்கு, ஒன்றரை அடி கனச் சுவருக்கு. அப்போதும் ஒரு இன்ஜினியர் வந்து பார்த்த பிறகே வேலை தொடங்கட்டும்.

சுவரிலிருந்து 2 அடி தள்ளி, இரு பக்கமும், கட்டைகளுக்குக் குறுக்கே பலகை வைத்து 3 அடிக்கு ஒரு ஜாக்கி (திருகினால் உயரும் இரும்புக் கால்) முட்டுக் கொடுங்கள். ஜாக்கியின் அடியிலும் பலகை வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்கள் கெடுப்பார்கள்: இறுக்கம் தட்டியதும் நிறுத்தாமல் இன்னும் ரெண்டு சுற்றுச் சுற்றினால் மேல்தளம் கீறிவிடும், அடுத்த ஐப்பசியில் ஒழுகும்.

திறப்பு வரும் இடத்துக்கு மேலே, சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் பாதிக் கனத்துக்கு, 9 அங்குல ஆழம், 10 அங்குல உயரத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுங்கள். இரு முனையிலும் ஒரு அடி நீளக் கான்கிரீட் திண்டு போட்டு 7 நாள் தண்ணீர் காட்டிய பின், 8 அடி நீள ஐ.எஸ்.எம்.பி. 150 பீமை (150 மில்லிமீட்டர் உயர, I வடிவ இரும்பு உத்திரம்) ஏற்றுங்கள். சுமார் 36 கிலோதான், இரண்டு பேர் தூக்கிவிடலாம். அதைச் சுற்றி எம்-30 வலுத்தரத்தில், சிறு ஜல்லி போட்ட சில்லுக் கான்கிரீட் நிறையுங்கள். கடலோரத்தில் இரும்புக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை (கவர்) கட்டாயம். கவர் குறைந்தால் உப்பு உள்ளே போய்த் துரு ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். பீமுக்கு மேல் நிற்கும் ஓர் அங்குல இடைவெளியில், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் 1:3 சிமெண்டு-மணல் கலவையைக் குத்தி அடையுங்கள். 7 நாள் கழித்து மறுபக்கத்திலும் இதே வேலை. அதுவும் இறுகிய பிறகே கீழ்ச்சுவரை மேலிருந்து கீழாக இறக்க வேண்டும். ஜாக்கி முட்டுகளைக் கடைசியில் எடுங்கள்.

திறப்பின் ஓரங்களில் சிமெண்டுப் பூச்சு வேண்டவே வேண்டாம். சுவரின் உப்புத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மேலே ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்புக் கட்டி, கல்லையே பொரித்துவிடும். 15 நாளாவது ஊறிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, அரை அங்குலத்துக்குள் இரண்டு கைப் பூச்சு. கடற்கரை மணல் ஆகாது. தை பிறந்த பின் பூசுங்கள். வெயில் காற்றில் வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கை 10 நாள் தொங்கவிடுங்கள். மேலே பட்டி, எமல்ஷன் எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளையடிப்பு.

தரையில் சுவர் நின்ற ஒன்றரை அடிப் பட்டை எதைப் போட்டாலும் பழைய தரையோடு நிறம் சேராது. மறைக்கப் பாடுபடாமல் ஒரு கடப்பாக் கல்லைப் பதித்துவிடுங்கள்.