மடக்கி உழுதுடாதீங்க மாப்பிள்ளை

பி அண்டு சி மில் மூடிய பிறகு பெரம்பூரில் எங்கள் தெருவில் பஞ்சைப் பற்றிப் பேச ஆளில்லை. தங்கையைப் பெரம்பலூரில் கொடுத்திருப்பதால் பருத்திக்காட்டுச் சேதி மட்டும் வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்தபடியே மாப்பிள்ளை கேட்டார்: "களை மருந்து இப்பல்லாம் கேக்க மாட்டேங்குது. மூடுபயிர் போட்டா மருந்தே வேணாமாமே?"

வேண்டும். மூடுபயிர் என்பது விளைச்சலுக்காக இல்லாமல் மண்ணை மூடிவைக்க வளர்க்கும் பயிர். அமெரிக்காவின் ஜார்ஜியாவில், கிளைபோசேட் என்ற களை மருந்தை அடித்தும் சாகாத பால்மர் களையை 2005-ல் உறுதி செய்தார்கள். நம் தண்டுக்கீரைக்குப் பங்காளி அது. ஒரே பெண்செடி லட்சக்கணக்கில் விதை கொட்டும். அங்குள்ள பருத்தி விவசாயிகள் குளிர்காலத்தில் ரை தானியத்தை வளர்த்து, மருந்தடித்துக் காயவைத்து, உருளையால் படுக்கப்போட்டு, அந்த மெத்தைக்குள்ளேயே பருத்தியை விதைத்தார்கள். களை மருந்தை நிறுத்தவில்லை. மெத்தை முக்கால்வாசியை முளைக்கவிடாமல் செய்தால், மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் செடியும் குறையும். விஷயம் அவ்வளவுதான்.

நம் பக்கம் பெரிய தவறு வேறு இடத்தில் நடக்கிறது. சணப்பு, தக்கைப்பூண்டு மாதிரி பசுந்தாள் பயிர் என்றாலே பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதுதான் பழக்கம். உரத்துக்கு அது சரி. களைக்கு அப்படியே தலைகீழ். கீரை இனக் களைகளின் விதை பொடிப்பொடியாக இருக்கும், மேல்மண்ணில் வெளிச்சம் கண்டால்தான் நன்றாக முளைக்கும். உழுதால் மெத்தை உள்ளே போய்விடும், புதைந்து கிடந்த விதை மேலே வந்துவிடும்!

சணப்பு மட்டும் போட்டாலும் சீக்கிரம் மக்கிவிடும். கம்போ சோளமோ கலந்தால் தட்டை நாள்படக் கிடக்கும். ஆனால் அடியிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும், முழுக்கச் செத்ததா என்று பார்க்க வேண்டும். காய்ந்த தட்டை ஏக்கருக்கு இரண்டு டன்னாவது தேறாவிட்டால் பயனில்லை. வீட்டு வாசலில் கொட்டிய மணலைத் தார்ப்பாயால் மூடுகிறோமே, ஓட்டை இருக்கும் இடத்தில்தானே புல் எட்டிப் பார்க்கிறது?

மூடுபயிரைக் கொன்ற மறுநாளே விதைக்கவும் கூடாது. பச்சையில் இருக்கும் வெட்டுப்புழு பருத்தி நாற்றுக்குத் தாவும். இரண்டு வாரம் விடுங்கள். விதை தட்டையில் சிக்காமல் மண்ணைத் தொட வேண்டும்.

அப்புறம் பெண்டிமெத்தலின் என்ற களை மருந்து. விதைத்த மூன்றாம் நாள், 30 சத மருந்தானால் ஏக்கருக்கு சுமார் 1.3 லிட்டர். இது தட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். மழையோ பாசனமோதான் மண்ணில் இறக்கும். முளைத்து நிற்கும் களையை இது ஒன்றும் செய்யாது. 'மெத்தைதான் இருக்கே' என்று அளவைப் பாதியாக்குவது அரைகுறையாகத் தப்பும் களையை நாமே வளர்த்துவிடுவதுதான். வருடா வருடம் ஒரே மருந்தை அடித்தாலும் அதே கதி.

ஜார்ஜியாவை அப்படியே பார்த்தும் செய்ய முடியாது. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு இங்கே அனுமதி இல்லை. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிபுணர்கள் மூலமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. 2,4-டி என்ற களை மருந்தை அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கு எடுத்தால், இலை விரல் விரலாகச் சுருங்கி நிற்கும்.

"கோரை?" என்றார் மாப்பிள்ளை, சோற்றுத் தட்டை வழித்தபடி.

அது மெத்தையையும் குத்திக்கொண்டு வரும். கோரை மண்டிய காட்டில் இந்தச் செலவு வேண்டாம் என்றேன். கோரை இல்லாத மேற்கு மூலையில் அரை ஏக்கர் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.