வேதத்தில் வழி கேட்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே ஆண்டவருடைய பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. கட்டாருக்கு வேலைக்குப் போவதா வேண்டாமா என்று குழம்பிய ஓர் இரவில் ஆதியாகமம் 12 திறந்தது. தேசத்தை விட்டுப் புறப்படும்படி ஆபிராமுக்குச் சொல்லப்பட்ட இடம். அதை நம்பி, யாரிடமும் கேட்காமல், மறுநாளே ஒரு முகவருக்கு முன்பணம் கட்டினேன். வேலையும் கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. வசனத்தில் பிழையில்லை, அதை நான் சீட்டு இழுப்பதுபோல எடுத்ததுதான் பிழை. அப்புறம் மெதுவாகக் கற்றுக்கொண்ட முறை இது.

படி 1: நேரமும் பிரதியும்

காலையில் 15 நிமிடம் போதும். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருப்பவர்கள் பஸ் சத்தம் கூடுமுன் எழும்பிவிடுங்கள். அது முடியாதவர்கள் கோட்டைக்குப் போகும் ரயிலில் ஃபோனிலேயே வாசிக்கலாம். மெசேஜ் வரும் சத்தத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போகிறவர்கள், மெழுகுதிரி ஏற்றிய கையோடு கிளம்பாமல் அங்கேயே பத்து நிமிடம் அமர்ந்து வாசிக்கலாம். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை எடுங்கள்.

படி 2: ஒரு புத்தகத்தைப் பிடியுங்கள்

ஆதியாகமத்திலிருந்து வரிசையாகத் தொடங்கி, லேவியராகமத்தில் களைத்து விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான். பிறகு நீதிமொழிகள்: 31 அதிகாரங்கள், தேதிக்கு ஒன்று.

படி 3: யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். புதுவருட ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11ஐ அடிக்கடி காணலாம்: ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’. அட்டையை வைத்துவிட்டு அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. ஐந்தாம் வசனம் வீடு கட்டிக் குடியிருக்கவும் தோட்டம் போடவும் சொல்கிறது. ஏழாம் வசனம் அந்த அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது. பத்தாம் வசனம், திரும்பிப் போக 70 வருடம் ஆகும் என்கிறது.

போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, கொழும்பில் ஒரு வாடகை அறையில், ‘கொஞ்ச நாளில் ஊருக்குத் திரும்பிவிடுவோம்’ என்று பெட்டியைக்கூடப் பிரிக்காமல் இருந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இந்தக் கடிதத்தை முழுதாக வாசித்திருந்தால் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியைப் பிரி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர், பக்கத்து வீட்டாருக்காகவும் ஜெபி. அட்டையில் இருக்கும் ஒற்றை வரியைவிட எவ்வளவு பெரிய ஆறுதல் இது!

படி 4: கொப்பியில் மூன்று வரி

ஆண்டவரைப் பற்றி இந்தப் பகுதி என்ன காட்டுகிறது? இன்று நான் செய்யவேண்டியது என்ன? அதற்காக ஒரு வரி ஜெபம். இரண்டாவது வரி சின்னதாக இருக்கட்டும். ‘நல்லவனாக வாழ வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘தம்பிக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும்’ என்று எழுதுங்கள். சங்கீதம் 119:105, ஆண்டவருடைய வசனத்தை ‘என் கால்களுக்குத் தீபம்’ என்கிறது. அந்தக் காலத்து விளக்கு உள்ளங்கையில் அடங்கும் மண் அகல். அடுத்த அடியை வைக்கத்தான் அதில் வெளிச்சம் இருக்கும், தெருமுனை தெரியாது.

படி 5: பெரிய முடிவு என்றால்

வேதம் ஏற்கனவே தெளிவாகச் சொன்னதற்கு அடையாளம் கேட்காதீர்கள். கணக்கில் பொய் எழுதலாமா என்று ஜெபித்துப் பார்க்கத் தேவையில்லை. வேலை, கல்யாணம், வெளிநாடு போன்றவற்றில் யாக்கோபு 1:5 சொல்வதுபோல ஞானத்தைக் கேளுங்கள். அதோடு உங்களுக்கு முகஸ்துதி செய்யாத இரண்டு பேரிடம் போங்கள்: போதகரோ பாதரோ, வீட்டில் ஒரு பெரியவரோ. ஆலோசனையில்லாமல் எண்ணங்கள் சித்தியாது என்று நீதிமொழிகள் 15:22 சொல்வதை நான் பணம் கட்டிய பிறகுதான் வாசித்தேன்.

கதவு அடைபட்டால் பயப்பட வேண்டாம். அப்போஸ்தலர் 16இல் பவுலுக்கு ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) பிரசங்கிக்கத் தடை, பித்தினியாவுக்குப் போகவும் தடை. அதன் பிறகே மக்கெதோனியாவுக்கு அழைப்பு வந்தது. அதனால் பதில் வராத நாட்களையும் தேதி போட்டு அதே கொப்பியில் எழுதி வையுங்கள்.