பழைய ராக் பாடகரின் தனி ஆல்பத்தைக் கூடிக் கேட்டு, கருத்தைக் குறிப்பது எப்படி?

காவேரிப்பட்டணத்தில் எனக்கு மைக்செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, பாரதக் கூத்து எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டுவேன். ஞாயிறு மாலை கடையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்போம். போன மாதம் ராபர்ட் பிளான்ட்டின் 'கேரி ஃபயர்'. லெட் செப்பெலின் என்ற ராக் குழுவில் உச்சத்தில் வீறிட்டுப் பாடிய அதே மனிதர்தான். 2017இல் இது வந்தபோது அவருக்கு 69 வயது. இந்த மாதிரி ஆல்பத்துக்கு உருப்படியான கருத்து வாங்க நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் எக்கோவை நிறுத்துங்கள். பாஸ், ட்ரெபிள் இரண்டும் நடுவில் இருக்கட்டும். பாக்ஸை ஸ்டூல் மேல், காது உயரத்துக்கு வையுங்கள். இரண்டு பாக்ஸுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தள்ளி உட்காருங்கள். போனில் ஓட்டினால் ஷஃபிள் வேண்டாம்.

இதைவிட முக்கியம், அன்றைக்குப் பழைய குழுவின் பாட்டைப் போடவே கூடாது. நான் ஆசையில் ஒன்றைப் போட்டுவிட்டேன். அப்புறம் வந்த பதினோரு பாட்டையும் அதற்கு எதிரே வைத்துத்தான் எல்லோரும் எடை போட்டார்கள். மூன்றாவது பாட்டிலேயே "தொண்டை போச்சு மாப்ளே" என்றுவிட்டார் மாங்காய் மண்டி மாமா. அடுத்த ஞாயிறு வேறு எதையும் போடாமல் ஆல்பத்தை மட்டும் திரும்ப ஓட்டினேன்.

கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் குரல் மாற்றம் சட்டென்று புரியும். வயதான கூத்து வாத்தியார் சுருதிக் கட்டையை இறக்கிக்கொள்வார். விடியற்காலையில், துரியோதனன் விழும் படுகளக் காட்சியில் அவர் குரல் மேலே போகாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை தெளிவாக வந்து விழும். அந்த மேடைகளில் மைக் வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிளான்ட் இதில் செய்வதும் அதுதான். தாழ்வாக, மைக்குக்கு மிகப் பக்கத்தில் பாடுவதுபோல் கேட்கிறது. ஊத் என்ற அரபு நரம்புக்கருவி அந்தக் குரலுக்குப் பொருத்தமான துணை.

சரி, கேட்டு முடித்ததும் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்றுதான் வரும். "எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீங்க? எங்கே போனை எடுத்தீங்க?" என்று கேளுங்கள். பாட்டையும் நிமிடத்தையும் போட்டு, அவர்கள் வாய்வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். கல்லூரித் தம்பி சொன்னது: "மேலே போவார்னு காத்திருந்தேன். போகலை. அதுதாண்ணா பிடிச்சது." கிறிஸ்ஸி ஹைண்ட் என்ற பாடகி சேர்ந்து பாடும் பாட்டுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அது 1958இல் வந்த பழைய பாட்டு, குரலும் இரண்டு. அதன் கருத்தை மற்றதோடு கலந்தால் குழம்பும்.

யாரையும் ஒரே முடிவுக்கு இழுக்காதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். இரண்டாம் முறை சொல்வதை வேறு மையில் எழுதுங்கள். மாமாவின் பக்கத்தில் நீலத்தில் "தொண்டை போச்சு" இருக்கிறது. கீழே சிவப்பில், "குரல் சரிதான். நடுவுல நாலு பாட்டு ஒரே நடையில போகுது." முதலாவது பழைய குழுவின் நினைப்பில் வந்தது. இரண்டாவதுதான் இந்த ஆல்பத்தைப் பற்றிய குறை, அது எனக்கும் உண்டு.