சிங்கப்பூர் காரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெர்த்திலோ மெல்போர்னிலோ வேலை உறுதியானதும் வீட்டுச் சாமானுக்கு மூன்று இடத்தில் விலை கேட்கிறோம், பிள்ளைகளுக்குப் பள்ளி தேடி அலைகிறோம். காரைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. இங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம், அங்கேயும் வலது பக்கம், கண்டெய்னரில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான். பணம் போவது அந்த நினைப்பில்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இறக்குமதி அனுமதி கைக்கு வருவதற்கு முன் காரைக் கப்பலில் ஏற்றுவது. 2021 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் புதிய வாகனத் தரநிலைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அரசின் ‘ரோவர்’ இணையதளத்தில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் கார் துறைமுகத்துக்குப் போக வேண்டும். "அனுப்பிவிடுங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கப்பல் கிளம்பியதும் அவர் வேலை முடிந்துவிடும், அனுமதி இல்லாத கார் துறைமுகக் கிடங்கில் நிற்கும்போது நாள் வாடகை கட்டப்போவது நீங்கள். கடைசி வரை அனுமதி கிடைக்காவிட்டால் காரைத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ வேண்டிவரும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

அனுமதி யாருக்குக் கிடைக்கும் என்பதிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சொந்தக் கார் என்ற வழியில் கொண்டுபோக வேண்டுமானால், வெளிநாட்டில் தொடர்ந்து 12 மாதமாவது அது உங்களுக்குச் சொந்தமாக, நீங்கள் ஓட்டும்படி இருந்திருக்க வேண்டும். "போவதற்குள் நல்ல காராக ஒன்று வாங்கிக்கொள்வோம்" என்று கடைசி நேரத்தில் வாங்கியது இந்தக் கணக்கில் வராது. கார் மனைவி பெயரில் இருக்கும், விண்ணப்பம் கணவர் பெயரில் போகும், அதுவும் சிக்கல்தான். இன்னொன்று, இந்த வழி ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கும், நிரந்தர விசா வைத்திருப்பவர்களுக்கும், அதற்கு விண்ணப்பித்தவர்களுக்கும்தான். தற்காலிக வேலை விசாவில் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

சரி, அனுமதி கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வரி. சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, சுங்கவரி வராது என்று நம்பிப் போகிறார்கள். ஒப்பந்தம் பார்ப்பது பொருள் எங்கே தயாரானது என்பதை, எங்கிருந்து கப்பல் ஏறியது என்பதை மட்டும் அல்ல. ஜப்பானிலோ ஜெர்மனியிலோ செய்த கார் உட்லண்ட்ஸில் ஐந்து வருடம் ஓடியதால் சிங்கப்பூர்ப் பொருள் ஆகிவிடாது. சுங்கவரி 5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி 10 சதவீதம். இந்த ஜிஎஸ்டி கார் மதிப்புக்கு மட்டும் இல்லை, சுங்கவரி, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டி வருகிற தொகைக்கு. உதாரணத்துக்குக் காரின் மதிப்பு 30,000 ஆஸ்திரேலிய டாலர் என்றால் சுங்கவரி 1,500. கப்பலும் இன்சூரன்சும் 3,500 என்று வைத்தால் 35,000க்கு ஜிஎஸ்டி 3,500. ஆக வரி மட்டும் 5,000. விலை உயர்ந்த கார் என்றால் வரம்புக்கு மேலே உள்ள பகுதிக்கு 33 சதவீத ஆடம்பரக் கார் வரி தனி. இதையெல்லாம் எழுதிக் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்குக் காரை விற்றுவிட்டு அங்கே போய் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியும் கொண்டுபோவது என்று முடிவெடுத்தால் சுத்தம்தான் அடுத்த பெரிய விஷயம். ஆஸ்திரேலிய உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் மண், விதை, இலை, பூச்சி எதையும் விடமாட்டார்கள். சாதாரண கார் வாஷ் போதாது. சக்கர வளைவுக்குள் ஒட்டிய மண், வைப்பருக்குக் கீழே சேர்ந்த சருகு, ரேடியேட்டரில் செத்துக் கிடக்கும் பூச்சி, டிக்கி விரிப்புக்கு அடியில் எப்போதோ மளிகைப் பையிலிருந்து சிந்திய அரிசியும் கொத்தமல்லி விதையும், எல்லாம் போக வேண்டும். நம் கார்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்: முன் பம்பரில் கட்டிய எலுமிச்சை மிளகாய், டாஷ்போர்டு பிள்ளையாருக்குப் போட்டுக் காய்ந்துபோன பூ, ஆயுத பூஜைக்குச் செருகிய மாவிலை. இவற்றை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அங்கே பிடித்தால் அவர்கள் செய்யச் சொல்லும் சுத்திகரிப்புக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

உடம்புக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இன்னொரு பொறி. 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்திரேலியாவில் அது முழுத் தடை. பழைய கார், அல்லது எங்கோ மலிவாக மாற்றிய பிரேக் பேடு, கேஸ்கெட் என்றால் உஷார். புதுக் காரிலேயே இது நடந்திருக்கிறது. 2012இல் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் கிரேட் வால், செரி நிறுவனங்களின் கார்கள் அங்கே ஆயிரக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. பாகங்களில் அது இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு இறக்குமதி செய்பவருடையது, அதனால் சர்வீஸ் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்சூரன்சில் கஞ்சத்தனம் வேண்டாம். 2022இல் அட்லாண்டிக் கடலில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் சுமார் 4,000 கார்களோடு தீப்பிடித்து மூழ்கியது. முழு இழப்புக்கு மட்டுமான மலிவு பாலிசி அந்த மாதிரிச் சமயத்துக்கு உதவும், ஆனால் இறக்கும்போது கதவு நசுங்கினால் ஒரு காசு வராது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுக் கட்ட வேண்டிய நிலை வரலாம். 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பல் விஷயத்தில் அப்படித்தான் அறிவித்தார்கள். உங்கள் காருக்கு ஒரு கீறல் இல்லாவிட்டாலும் பங்கைக் கட்டினால்தான் அதை விடுவார்கள். பாலிசி இதற்கும் பொருந்துமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

காருக்குள் சாமான் அடைப்பதும் வேண்டாம். கார் தானே உருண்டு ஏறும் ரோ-ரோ கப்பல்களில் பொதுவாக அதை ஏற்கமாட்டார்கள். கண்டெய்னரில் வைத்தாலும் பட்டியலில் இல்லாத குக்கரும் மசாலா டப்பாவும் சோதனையை இழுத்துக்கொண்டு வரும்.

கடைசியாக சிங்கப்பூர்ப் பக்கம். கார் லோன் பாக்கி இருந்தால் அதை முடிக்காமல் ஏற்றுமதி நடக்காது. சிங்கப்பூரின் தரைப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவில் பதிவை ரத்து செய்தால், கார் வைத்திருக்க வாங்கிய உரிமைச் சான்றிதழான சிஓஇயில் மீதியுள்ள காலத்துக்கும், தகுதி இருந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பார்ஃப் சலுகையிலும் பணம் திரும்பி வரும், ஆனால் அந்த நிமிடத்திலிருந்து காரை ரோட்டில் ஓட்ட முடியாது. அதனால் அனுமதி, கப்பல் தேதி, இழுவை வண்டி மூன்றும் உறுதியான பிறகே பதிவை ரத்து செய்யுங்கள், கார் ஏற்றுமதியானதற்கான ஆதாரத்தை எல்டிஏவுக்குக் கொடுக்க மறக்காதீர்கள்.